கை எடுத்த பிறகும்

அவள் கைகளை எடுத்த பிறகும் கட்டில் கிறீச்சிட்டது.

நர்ஸ் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு நேரம் ஒரு மனிதரின் நெஞ்சை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தவளுக்குத் தன் தோள்களே இன்னும் ஏறி இறங்குவதுபோலத்தான் இருந்தது. அவசர சிகிச்சைப் பிரிவின் சன்னலில் மதிய மழை சாத்திக்கொண்டிருக்க, ஸ்பிரிட் வாடையும் இரத்த வாடையும் மின்னதிர்ச்சியில் கருகிய ரோமத்தின் வாடையும் ஒன்றாகக் கலந்து அவள் தொண்டையில் ஒட்டியிருந்தன.

கார் ஓட்டும்போதே அவருக்கு மாரடைப்பு. வண்டி மரத்தில் மோதியதில் பக்கத்திலிருந்த மனைவிக்கு விலா நொறுங்கி, ஈரல் கிழிந்துவிட்டது. இருவரையும் ஒரே ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள். அந்த நிலையிலும் அந்த அம்மாள் கணவரின் சட்டையை விடவில்லை. ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புவதற்காக இரத்தத்தில் நனைந்த அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தவள் இந்த நர்ஸ்தான். அவரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று வாக்கும் கொடுத்திருந்தாள்.

டாக்டர் அவளை நிறுத்தியது இப்போதுதான்.

"போதும் சிஸ்டர். போயிட்டார்."

வெளியே காத்திருந்த அவருடைய தம்பியிடம் சொல்ல டாக்டர் வெளியேறினார். நர்ஸ் தொண்டைக் குழாயைக் கழற்றினாள். மானிட்டரை அணைத்தாள். வெள்ளைத் துணியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினாள்.

கிறீச்.

உள்ளே மிஞ்சிய காற்று வெளியேறினால் உடம்பு சத்தம் போடும். எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். ஆனால் காற்று இப்படித் தாளம் தப்பாமல் வெளியேறாது. கிறீச். கிறீச். அவள் அழுத்திய அதே வேகம்.

துணி நடுநெஞ்சில் குழிந்தது. எழுந்தது. மறுபடி குழிந்தது.

டாக்டரைக் கூப்பிட வாயைத் திறந்தாள். சுவரிலிருந்த போன் அடித்தது. கட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமலே பின்னால் நகர்ந்து எடுத்தாள். தியேட்டரில் இருந்த இளைய நர்ஸ்.

"அக்கா, அந்தம்மா இப்பத்தான் போயிட்டாங்க. அங்க அவர் எப்படி இருக்கார்?"

போனை வைத்துவிட்டாள்.

ஒருவேளை உயிர் இருக்கிறதோ என்ற நப்பாசை அவளைக் கட்டிலருகே தள்ளியது. துணியை விலக்கினாள். கழுத்தில் விரல் வைத்தாள். நாடி இல்லை. தோல் சில்லிட்டிருந்தது. நெஞ்சு மட்டும் இறங்கி ஏறியது. பழகிய கைகள் தாமாகவே போய் அதன்மேல் அமர்ந்தன.

அழுத்தம் நின்றது.

மழையும் நின்றதுபோல ஒரு அமைதி. அவள் மூச்சை விட்டாள். கையை எடுக்கப் பார்த்தாள்.

வரவில்லை.

அவள் புறங்கையின்மேல் ஏதோ படிந்தது. சின்னது. ஈரமானது. விரல்களுக்கு இடையே விரல்கள் நுழைந்தன. பின்கழுத்தில் யாரோ மூச்சுவாங்கினார்கள்.

அது அவள் கைகளைக் கீழே தள்ளியது.

ஒரு விலா முறிந்தது. இன்னொன்று. அவள் கைக்கடியிலேயே. மறுபடி. மறுபடி.

அவர் கண்கள் திறந்தன. அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை அசைத்தார்.