கடற்சாமந்தி பழுப்பாகும் வரை

மழை வந்தது அவளுடைய தப்பு இல்லை. குடை எடுக்காமல் வந்தது மட்டும்தான் அவளுடைய தப்பு.

பூட்டிக் கிடந்த ஒரு பாத்திரக் கடையின் வாசல் கூரைக்கு அடியில் ஒதுங்கி, ஒரு பிளாஸ்டிக் பையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையில் முக்கால்வாசி உப்புத் தண்ணீர். அதற்குள் எலுமிச்சை மஞ்சளில் ஒரு கடற்சாமந்தி, கடைக்காரர்கள் பாஷையில் அனிமோன். பெயர்தான் பூ, ஆள் பிராணி. பாறையில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு, நூறு விரல்களைத் தண்ணீரில் ஆட்டியபடி உட்கார்ந்த இடத்திலேயே பிழைப்பு நடத்தும். வீட்டு மீன்தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள், உட்கார வேறு இடம் இல்லாமல், ஒரு வருடமாகத் தெர்மாமீட்டரைக் கட்டிக்கொண்டு தூங்கின. பார்க்கச் சகிக்கவில்லை என்று அப்பா சொன்னார். அதனால் இந்த மஞ்சள் மெத்தை.

தடதடவென்று ஓடி வந்து அதே கூரைக்குள் ஒருவன் புகுந்தான். தலையை உதறினான். அவளைப் பார்த்தான்... இல்லை, அவள் கையிலிருந்த பையைப் பார்த்தான். வைத்த கண் வாங்காமல் பார்த்தான்.

"இது எங்க வாங்குனீங்க?"

"கடையில."

"சாயம் போட்டிருக்காங்க."

"எதுக்கு?"

"இந்த அனிமோனுக்குத்தான். மஞ்சள் அதோட சொந்த நிறம் இல்லைங்க. உள்ள வெளுத்துப் போயிருக்கும். அது தெரியாம இருக்கச் சாயத் தண்ணியில முக்கி எடுத்து விக்கிறாங்க. நல்லா ஏமாந்திருக்கீங்க."

கடைசி வாக்கியத்தை அவன் விட்டிருக்கலாம். விட்டிருந்தால் அவள் நன்றி சொல்லிவிட்டு, மழை விட்டதும் போயிருப்பாள். நமக்கும் வேலை மிச்சமாகியிருக்கும்.

அவளுக்குக் கண் பரிசோதிக்கும் வேலை. ஒரு நாளைக்கு முப்பது ஜோடிக் கண்கள். அவளிடம் போய், அதுவும் நிறத்தைப் பற்றி...

"முதல்ல உங்க கண்ணைப் பாருங்க. அப்புறம் என் அனிமோனைப் பாக்கலாம்."

"என் கண்ணுக்கு என்ன?"

"பை கிட்ட வந்தா தலையைப் பின்னால இழுக்குறீங்க. இடது கண்ணைச் சுருக்குறீங்க. கிட்டத்துல இருக்கிறது உங்களுக்குச் சரியாத் தெரியலை. தினமும் சாயங்காலம் தலைவலி வருமே?"

அவன் கை தானாக நெற்றிப்பொட்டுக்குப் போனது. வரும் போலிருக்கிறது.

அவன் கண்கள் எப்படி இருந்தன என்று இந்த இடத்தில் சொல்வதுதான் முறை. கண்ணாடிப் பவர் இடது கண்ணுக்கு ப்ளஸ் ஒன்றேகால் இருக்கும், வலது முக்கால் இருக்கும் என்று அவள் மனதுக்குள் போட்டாள். இமையில் மழைத்துளி நின்றது. அதையும் பார்த்தாள், பார்த்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மழை குறைந்தபோது அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினான். ஊரின் மீன்காட்சியகத்தில் பராமரிப்பாளன். "ஒரு வாரத்துல மஞ்சள் இறங்கிடும். அப்பக் கூப்பிடுங்க."

"இறங்காது." அவளும் தன் அட்டையை எடுத்து அவன் கையில் வைத்தாள். "தலைவலி தாங்கலைன்னா வாங்க."

ஆறாவது நாள் மஞ்சள் இறங்கியது.

வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தாள். வேகவைத்த நூடுல்ஸ் மாதிரி வெளிறிப்போய்ப் பாறையில் சாய்ந்து கிடந்தது. அவள் செய்த எதிலும் குறை இல்லை. பையிலிருந்து அப்படியே கொட்டாமல், மெல்லிய குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து ஒன்றரை மணி நேரம் பழக்கியிருந்தாள். அது பாறையில் கால் ஊன்றும்வரை பம்பை நிறுத்தி, பம்பின் உறிஞ்சும் வாயில் பஞ்சு கட்டியிருந்தாள். எல்லாம் சரி. வாங்கியதுதான் தப்பு.

அன்று முழுக்கப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். அவன் சொன்னது சரி என்று அவனிடமே சொல்ல வேண்டுமே... கடைசியில் "மஞ்சள் போயிடுச்சு" என்று மட்டும் செய்தி அனுப்பினாள். பெயர் போடவில்லை. அவன் வீட்டு முகவரியைக் கேட்டுக்கொண்டு அன்று மாலையே வந்தான். "நான்தான் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை அவள் பிறகு பல நாள் நினைத்துக்கொண்டாள்.

"சாகுமா?"

"பட்டினி கிடக்குது. இது உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கும். பழுப்பா இருக்கும். வெளிச்சத்துல அந்தப் பாசிதான் இதுக்குச் சமைச்சுப் போடும். அது போயிட்டதால வெள்ளையா நிக்குது. திரும்ப வர்ற வரைக்கும் நாமதான் ஊட்டணும். ஒருநாள் விட்டு ஒருநாள், விரல் நகத்துல பாதி அளவு இறால். பழுப்பாயிட்டா பிழைச்சிடுச்சுன்னு அர்த்தம்."

"பழுப்பா? நல்லாவே இருக்காதே?"

"நல்லா இருக்கணுமா, உயிரோட இருக்கணுமா?"

அவளுடைய அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சொன்னதைச் சொன்னபடி செய்யாத ஆளைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "விரல் நகம்னா எந்த விரல் தம்பி?" என்று கேட்டுச் சுண்டுவிரல் என்று அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அவர் வாயில் அவன் 'மீன் டாக்டர்'.

முதல் முறை ஊட்டிக் காட்டியபோது இருவர் கையும் தொட்டிக்குள் இருந்தன. இடுக்கியை அவன் பிடித்திருந்தான். அவள் விரலை அதன்மேல் நகர்த்தி வைத்தான். தண்ணீருக்குள் எதுவும் கொஞ்சம் பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும். அது வெறும் ஒளிவிலகல்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் விரலை எடுக்கவில்லை.

அடுத்தடுத்து மூன்று சனிக்கிழமை வந்தான். நடுவில் ஒரு நாள் அவள் வேலை செய்யும் இடத்துக்கும் வந்தான், தலைவலியோடு.

"இது தெளிவா இருக்கா... இது தெளிவா இருக்கா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"இப்ப?"

"இதுவும் அதேதான். எல்லாருக்கும் இவ்வளவு நேரம் ஆகுமா?"

"சிலருக்கு ஆகும்," என்றாள் அவள், முகத்தில் ஒன்றும் காட்டாமல். அளவு முதல் நான்கு நிமிடத்திலேயே கிடைத்துவிட்டது. ப்ளஸ் ஒன்றேகால், முக்கால்.

அதற்கப்புறம் மீன்காட்சியகத்துக்குப் புதிதாகத் திருக்கை மீன்கள் வந்து இறங்கின. அவற்றைத் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமையும் நகர முடியாது. "படம் எடுத்து அனுப்புங்க, நான் பாத்துச் சொல்றேன்," என்றான். தினமும் மாலை அவள் படம் அனுப்புவாள். அவன் கூப்பிடுவான். இறாலை வாங்கிக்கிட்டதா, வாய் மூடியிருக்கா, விரல் எல்லாம் விரிஞ்சிருக்கா என்று ஆரம்பித்து, திருக்கை ஒன்று அவன் சட்டைக் கையைச் சப்புவதில் போய், எங்கெங்கோ சுற்றி முக்கால் மணி நேரம் போகும். வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு 'ஐஸ்பெட்டி' என்று பெயர். அந்த முக்கால் மணி நேரத்தில் அவளைப் பார்த்திருந்தால் பெயர் வைத்தவர்கள் வாபஸ் வாங்கியிருப்பார்கள்.

ஏழாவது வாரம் கடற்சாமந்தியின் விரல் நுனிகளில் லேசாகப் பழுப்பு ஏறியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப் போய்ப் படம் எடுத்து அனுப்பினாள்.

'ரொம்ப நல்லது' என்று செய்தி வந்தது. அவ்வளவுதான்.

ஏழு மணி ஆனது. எட்டு ஆனது. போன் அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை.

மூன்றாம் நாள் அவள் தொட்டியின் வெள்ளை விளக்கை முழுதாக ஏற்றினாள். போன் கேமராவிலும் வெளிச்சத்தைக் கூட்டினாள். கடற்சாமந்தி பால் மாதிரி வெளுத்துத் தெரிந்தது. அனுப்பினாள். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை.

"என்னங்க, திரும்ப வெளுத்துடுச்சா?"

"அப்படித்தான் தெரியுது," என்றாள் அவள்.

ஒரு பொய்தானே... நாளைக்குச் சரியான படம் அனுப்பிவிடலாம் என்று நினைத்தாள். நாளைக்கு வந்தது. அனுப்பவில்லை. பொய்க்கு இரண்டு வாரம் வயதானது. தொட்டியில் அது நன்றாகக் கொழுத்துப் பழுப்பாகி, கோமாளி மீன்கள் இரண்டும் அதற்குள் புரண்டுகொண்டிருந்தன. படத்தில் மட்டும் தினமும் செத்துக்கொண்டிருந்தது.

ஒரு மாலை அவன் சொன்னான், "இது சரிப்படலை. இனிமே தினமும் இறால் கொடுங்க. அளவையும் ரெண்டு மடங்கா ஆக்கிடுங்க."

"சரி," என்றாள். கொடுக்கப் போவதில்லை, தேவை இல்லையே. பழைய கணக்குப்படியே ஊட்டினாள். ஆனால் ஸ்பீக்கரில் ஓடிய பேச்சை அப்பா கேட்டுவிட்டார். நோட்டில் தேதி போட்டுத் திருத்திக்கொண்டார். மகள் வேலைக்குப் போனதும், தினமும் பகலில், இரண்டு மடங்கு.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் தொட்டி கலங்கியிருந்தது. கோமாளி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கடற்சாமந்தி கைப்பிடி அளவுக்குச் சுருங்கி, வாய் பிளந்து, பழுப்பாக நூல் நூலாக எதையோ கக்கிக்கொண்டிருந்தது.

"தினமும் கொடுத்தேனேம்மா. டாக்டர் சொன்னாரேன்னு..." அப்பா நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

போன் செய்தாள். ஒரே மணியில் எடுத்தான்.

"சுருங்கிடுச்சு. தண்ணி கலங்கிடுச்சு. மீன் எல்லாம் மேல வருது."

"இன்னும் வெள்ளையாத்தான் இருக்கா?"

ஆமாம் என்று சொன்னால் அவன் பட்டினிக்கு வைத்தியம் சொல்வான். அது செத்துப்போகும். இல்லை என்று சொன்னால்... அவன் இனி பேச மாட்டான். அவள் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வெள்ளையா இல்லை. மூணு வாரமாவே பழுப்பாத்தான் இருக்கு. விளக்கைக் கூட்டி வச்சுப் படம் எடுத்தேன். நான் பொய் சொன்னேன்."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அவனுடையதுதான், ஆனால் அவளிடம் பேசும் குரல் இல்லை. "தீனியை நிறுத்துங்க. கக்குனதை எல்லாம் குழாய் வச்சு உறிஞ்சி வெளிய எடுங்க. குமிழி விடுற காத்துக் கல்லை ஓட விடுங்க. வர்றேன்."

மீன்காட்சியகத்திலிருந்து சுத்தமான கடல்நீரை நான்கு கேன்களில் கொண்டுவந்தான். தொட்டியில் பாதித் தண்ணீரை இறக்கினார்கள். சூடும் உப்பும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பார்த்து, புது நீரை மெதுவாக ஏற்றினார்கள். இரண்டு மணி நேரம். "அந்த வாளி", "பிடிங்க", "போதும்" தவிர அவன் ஒன்றும் பேசவில்லை. மீன்கள் கீழே இறங்கின. அப்பா அழுக்குத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார்.

அவன் ஒரு கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஏன்?"

அவள் சுற்றி வளைக்கவில்லை. "பழுப்பாயிடுச்சுன்னு படம் அனுப்புன அன்னைக்கு நீங்க கூப்பிடலை. மறுநாளும் கூப்பிடலை. வெள்ளையா அனுப்புனதும் கூப்பிட்டீங்க. அதுக்கப்புறம் என்னால விட முடியலை. உங்களை எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு. அதைச் சொல்லத் துப்பு இல்லாம வாயில்லா ஜீவனைச் சாகக் கொடுக்கப் பாத்தேன். நீங்க என்ன திட்டினாலும் சரி... வாங்கிக்கிறேன்."

திட்டு வரவில்லை. அவன் கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தான், காய்ந்த பிறகும்.

"பதினோரு வருஷமா இந்த வேலை பாக்குறேன்," என்றான். "நீங்க அனுப்புற படம் வெள்ளையா வந்தா எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. இன்னைக்கும் கூப்பிடலாமேன்னு. ஒரு உயிர் குணமாகலைன்னு சந்தோஷப்படுறேனே, நானெல்லாம் என்ன மனுஷன்னு என் மேலயே வெறுப்பா இருந்துச்சு. அதான் ரெண்டு மடங்கு கொடுங்கன்னு சொன்னேன். சீக்கிரம் குணமாயிட்டா இந்த அசிங்கத்துலேர்ந்து தப்பிச்சிடலாம்னு. வெளுத்துப் போனதுக்கு அவ்வளவு கொடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவள் அவனைப் பார்த்தாள். முப்பது ஜோடிக் கண்களைப் பார்க்கும் பார்வை இல்லை அது.

"அப்ப... பழுப்பானதும் ஏன் கூப்பிடலை?"

"என்ன காரணம் சொல்லிக் கூப்பிடறது? அதுக்குத்தான் குணமாயிடுச்சே."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. இரண்டையும் அடக்கப் பார்த்து, இரண்டிலும் தோற்றாள்.

தொட்டியில் கடற்சாமந்தி இன்னும் சுருங்கித்தான் இருந்தது. வாய் மட்டும் மூடிக்கொண்டிருந்தது. தேறுமா தேறாதா என்று இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றான். ஒரு கோமாளி மீன் பக்கத்தில் போய் நின்று பார்த்தது.

"பிழைச்சிடுச்சுன்னா?" என்று கேட்டாள்.

"பிழைச்சாலும் வருவேன்."