மூன்றடித் தொலைவு

“இனிமே நீங்க யார்கிட்டயும் எதுவும் கேக்க வேண்டியதில்லக்கா. உங்க உடம்பே கேட்டு வாங்கிக்கும்.”

“உடம்புக்கு வாய் இருக்கா யாஸ்மின்?”

“வாய்தான் பொய் சொல்லும். பசிக்குதான்னு கேட்டா, ‘இல்ல, நீங்க சாப்பிடுங்க’ன்னு சொல்லும். நாடிக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது.”

அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள், பிருந்தாவின் மணிக்கட்டில் துணைப்பட்டையை மாட்டிக்கொண்டே யாஸ்மின் சொன்னது இது. புற்றுநோய்க்காகப் பிருந்தாவின் இடது மார்பை எடுத்திருந்தார்கள். யாஸ்மினுக்கு ஐந்து வருடங்களுக்கு முன் அதே அறுவை நடந்திருந்தது. அதனால்தான், பட்டைகள் வழியே உடம்பை அறிந்து உதவிக்கு ஆள் அனுப்பும் துணைவலை அவளைத் தேர்ந்து அனுப்பியிருந்தது.

யாஸ்மின் சொன்னதில் மிகையில்லை. பிருந்தா ஈரோட்டு வீட்டுக்குத் திரும்பிய நாளிலிருந்து எதற்கும் காத்திருக்கவில்லை. வயிறு புரட்டினால் பட்டை உணர்ந்துவிடும். மாடி வீட்டு சரோஜாவின் மணிக்கட்டுப் பட்டையில் பச்சை விளக்கு எரியும், பத்தாவது நிமிடம் கஞ்சி வரும். பரிசோதனை நாளில் வாசலில் கார் நிற்கும். ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ள, தினை நிரப்பித் தைத்த பருத்தி மார்பகம் ஒன்று வந்தது. வலது பக்கத்து எடைக்கு மிகச் சரியாக இருந்தது.

துணைவலை வந்த பத்து வருடங்களில் ஊர் வழக்கமும் மாறியிருந்தது. யார் பட்டையில் விளக்கு எரிகிறதோ அவர் போவார். எரியாமல் போய் நிற்பது நாகரிகமில்லை. வாய்விட்டுக் கேட்பது அதைவிட மோசம். வந்து உதவுகிறவர்களைக் குறை சொல்வதாகிவிடும்.

பிருந்தாவின் கணவன் நல்லசிவத்தின் பட்டை மட்டும் நாற்பது நாளில் ஒருமுறைகூட எரியவில்லை.

அன்று பிற்பகல் யாஸ்மின் கைப்பயிற்சி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இடது கை விரல்களால் சுவரில் பல்லி போல மேலே ஏற வேண்டும். பிருந்தாவின் விரல்கள் பாதிச் சுவரிலேயே நின்றன. திறந்திருந்த கதவு வழியே பக்கத்து அறை தெரிந்தது. நல்லசிவம் சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

கதிர்வீச்சு முடியும்வரை, ஐந்து வாரம், அவன் கோபியில் தம்பி வீட்டில் தங்கலாம் என்று காலையில் துணைவலை பரிந்துரைத்திருந்தது. ‘அமைதிக்கால விலகல்’ என்று அதற்குப் பெயர்.

“உடனே சம்மதம்னு அழுத்திட்டாரு, யாஸ்மின். ஒரு நிமிஷம்கூட யோசிக்கல.”

“வலை சொன்னா யாருக்கா மறுப்பாங்க?”

“அவரை மட்டும் ஏன் அது கூப்பிடவே மாட்டேங்குது?”

யாஸ்மின் தன் காண்பலகையைத் திறந்து பார்த்தாள். “உங்களுக்கு வர்ற எல்லாருக்கும் பொருத்த எண் இருக்கு. எனக்குத் தொண்ணூத்தி நாலு. சரோஜாக்காவுக்கு எண்பத்தொம்பது. அண்ணனுக்கு…”

“சும்மா சொல்லு.”

“ஏழு. கூரியர்காரருக்கே முப்பத்தொண்ணு இருக்குக்கா.”

“அப்படி என்ன பண்ணிட்டாரு?”

“ஒண்ணும் பண்ணல. அவர் மூணடிக்குள்ள வந்தாலே உங்க நாடி எழுபதுல இருந்து நூத்திப்பத்துக்கு எகிறுது. வலை அதைப் பயம்னு எடுத்துக்குது. அதான் அவரைத் தள்ளியே வெக்குது.”

பிருந்தா கட்டிலில் உட்கார்ந்தாள். வலை முழுக்கத் தவறு என்றும் சொல்ல முடியவில்லை. அவன் அருகில் வரும்போதெல்லாம், மார்பு இருந்த இடத்தைப் பார்த்துவிடுவானோ என்று அவளுக்குப் பயம்தான். பார்க்க மாட்டானா என்ற ஏக்கமும் அதே நொடியில் எழுந்தது. இரண்டுக்கும் இதயம் ஒரே மாதிரிதான் அடித்தது.

“மாத்த முடியாதா?”

“அவர் பக்கத்துல பத்து நிமிஷம் நாடி ஏறாம இருந்தாப் போதும், தானா மாறிடும்.”

“கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல அப்படி இருந்ததில்ல. இனிமேலா இருக்கப் போகுது?”

யாஸ்மின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “இதை அண்ணன்கிட்டயே சொல்ல வேண்டியதுதானக்கா?”

“நீ சொன்னியா, உங்க வீட்டுக்காரர்கிட்ட?”

யாஸ்மினின் சிரிப்பு நின்றது. காண்பலகையை மூடிப் பையில் வைத்தாள். “எனக்கு எல்லாத்துக்கும் ஆள் வந்துச்சு. ஒண்ணுலயும் குறை வெக்கல. அஞ்சு வருஷமாச்சு, அவர் இன்னும் பாக்கலக்கா.”

அவள் கிளம்பிப் போனபின் பிருந்தா கட்டிலை விட்டு எழுந்தாள். கூடத்துக்கு வந்தாள். நல்லசிவம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் ஓரடி பின்வாங்கி நின்றான். மூன்றடியை அவன் கால்கள் பழகியிருந்தன.

“போயிட்டு வரேன். உனக்கு எல்லாத்தையும் வலை பாத்துக்கும்.”

“உங்களுக்கும் இதுதான் நிம்மதி.”

“எனக்கா?” அவன் தன் மணிக்கட்டைப் பார்த்தான். “குளிக்கும்போதுகூட இதையே பாத்துட்டிருந்தேன் பிருந்தா. ஒருதரமாவது எரியாதான்னு. நான் வேண்டாம்னு உன் உடம்பே சொல்லுது. அப்புறம் உன்கிட்ட நான் என்னன்னு கேக்கறது?”

அவனால் அந்த வெறும் இடத்தைப் பார்க்க முடியாது, அதனால்தான் விலகிப் போகிறான் என்று நாற்பது நாளாக நம்பியிருந்தாள் அவள். ஓரடி முன்னால் வைத்தாள். அவன் பின்னால் நகர்ந்தான். இன்னோர் அடி வைத்தாள். அவன் முதுகு வாசல் கதவில் முட்டியது.

பிருந்தாவின் பட்டை சிவந்து அதிர ஆரம்பித்தது. மாடியில் ஒரு கதவு திறந்தது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் இறங்கியது. தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது, பின்னாலேயே இன்னொன்று. அவளை அவள் கணவனிடமிருந்து காப்பாற்ற அன்பான மனிதர்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

“நாடி ஏறுது பிருந்தா. நான் வெளிய போயிடறேன், எறங்கிடும்.”

“எறங்க வேண்டாம்.”

அழைப்பு மணி அடித்தது. “பிருந்தா, கதவைத் தொற கண்ணு,” என்றது சரோஜாவின் குரல். “என்ன ஆச்சு? நாங்க எல்லாரும் வந்துட்டோம்.”

நல்லசிவம் கைப்பிடியில் கை வைத்தான்.

“ஏனுங்க, அந்தத் தாழ்ப்பாளைப் போடுங்க.” பிருந்தாவின் விரல்கள் ரவிக்கையின் முதல் கொக்கியைத் தேடின. பட்டை கத்த ஆரம்பித்திருந்தது. அதற்கு மேலே கேட்கும்படி அவள் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. “போட்டுட்டு உள்ள வாங்க. என் தழும்பை நீங்க பாக்கணும்.”