நேர்மையைப் பற்றி நாலு மேனேஜர்கள்

"ஐயோ... சார்!"

ஆராய்ச்சி மாணவியின் அலறல் கான்ஃபரன்ஸ் அறையின் கண்ணாடிச் சுவரில் மோதித் திரும்பியது.

தரக் கட்டுப்பாட்டு மேனேஜர் நாற்காலியோடு சரிந்து கிடந்தார். வாயோரம் நுரை. காபிக் கோப்பை கார்ப்பெட்டில் உருண்டது.

வியாபாரத்தில் நேர்மை! அதுதான் அன்றைய குழு விவாதம். டாக்டர் பட்ட ஆய்வுக்காக, அந்த பிரேக் கம்பெனியின் நான்கு மேனேஜர்களை ஒரே மேஜையில் உட்காரவைத்துப் பேசவிட்டிருந்தாள். மூன்று பேர் ஒரு மணி நேரம் நேர்மைக்கு மாலை போட்டார்கள். நான்காமவரான தரக் கட்டுப்பாட்டு மேனேஜர், "போன மாசம் டெஸ்ட்ல தேறாத பிரேக்கை..." என்று ஆரம்பித்தார்.

முடிக்கவில்லை!

ஆம்புலன்ஸ் அவரை அள்ளிக்கொண்டு பறந்தது. இன்ஸ்பெக்டர் வந்தார். அரை மணி நேரத்தில் அவர் செல்போன் அடித்தது. கேட்டார். தொப்பியைக் கழற்றினார்.

"போயிட்டாராம்."

மூன்று மேனேஜர்களும் சரியாக ஒரே அளவுக்குச் சோகமானார்கள். இரங்கல் கூட்டங்களில் பழகிய முகங்கள்!

"ஒவ்வொருத்தரா வெளிய வாங்க."

மாணவி இன்ஸ்பெக்டரின் காதோரம் குனிந்தாள்.

"வேணாம் சார். தனியா கேட்டா அழகா பொய் சொல்வாங்க. கூட்டமா கேட்டா, ஒருத்தர் நல்ல பேர் வாங்குறதை இன்னொருத்தர் பொறுத்துக்க மாட்டார். என் படிப்பே அதுதான்."

"நடத்தும்மா!"

மாணவி ரெக்கார்டரைத் தட்டினாள்.

"அவர் விழுந்ததும்... முதல்ல உதவினது யாரு?"

"நான்தான்! சட்டைப் பட்டனைக் கழட்டினேன்," என்றார் ஜெனரல் மேனேஜர்.

"பட்டனையா?" சேல்ஸ் மேனேஜர் இளித்தார். "பாக்கெட்ல இருந்த டெஸ்ட் ரிப்போர்ட்டைத்தானே உருவினீங்க!"

"யோவ்! காபி கொண்டுவந்து நீட்டினது யாரு?"

"நீட்டினேன். கலந்தது நானா? ஹெச்.ஆரைக் கேளுங்க!"

ஹெச்.ஆர். மேனேஜர் துள்ளி எழுந்தார்.

"அநியாயம்! எல்லாரும் கை தூக்கித்தானே முடிவு பண்ணினோம்..."

கப்பென்று வாயை மூடினார்.

வார்த்தை வெளியே வந்துவிட்டிருந்தது.

"த்தூ! கொலைக்கும் ஓட்டெடுப்பா?" மாணவி கத்தினாள். "அந்த பிரேக் எதுல சார் மாட்டியிருக்கு?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாயைத் திறங்கய்யா!" இன்ஸ்பெக்டர் மேஜையில் அறைந்தார்.

"ஸ்கூல்... வேன்ல," என்றார் ஜெனரல் மேனேஜர், தரையைப் பார்த்து.

விலங்குகள் பூட்டப்பட்டன. இன்ஸ்பெக்டர் ஒரு நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார்.

"எந்தெந்த வேன் சார்?"

"லிஸ்ட்... என் டிராயர்ல இருக்கு. சீக்கிரம் நிறுத்தச் சொல்லுங்க..."

தரக் கட்டுப்பாட்டு மேனேஜரின் குரல்!

மாணவி பொத்தென்று உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்.

ஜெனரல் மேனேஜருக்கு முகம் சிவந்தது.

"செத்துட்டார்னு சொன்னீங்களே! ஒரு போலீஸ் ஆபீசர் இப்படிப் பொய் சொல்லலாமா?"

"தப்புதான் சார். என் மேல புகார் எழுதிக் குடுங்க..." இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டினார். "சாட்சிக் கையெழுத்துக்கு செத்தவரையே கூட்டிட்டு வர்றேன்!"