அத்தான் பிடித்த குழாய்

வள்ளத்தில் சுருண்டு கிடந்த காற்றுக் குழாயின் மேல் தெரியாமல் கால் பட்ட நொடியில், அலெக்ஸின் மூச்சுமுட்டல் நின்றுபோனது. பதறிக் காலை எடுத்தான். திரும்பவும் இழுப்பு.

குழாயின் மறுமுனை கடலுக்கடியில், அவன் மச்சினன் ஜெனிஷின் வாயில் இருந்தது.

மழைக்காலத்திலிருந்தே அலெக்ஸுக்குப் படுத்தால் இழுப்பு, எழுந்தால் இழுப்பு. டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "நுரையீரல் நல்லாத்தான் இருக்கு. மூளை கேக்குத காத்து ஒண்ணு, வந்து சேருத காத்து ஒண்ணு. ரெண்டும் ஒத்துப்போகலன்னா முட்டுதுன்னு மூளை அலறும்" என்று அனுப்பிவிட்டார். அதோடு கடலில் முங்கிச் சங்கெடுக்கும் வேலையும் போச்சு.

இப்போது முங்குகிறவன் ஜெனிஷ். புன்னைக்காயலில் முங்குகிறவனுக்குக் குழாய் பிடிப்பது பெண்டாட்டியின் தம்பிதான். அக்கா தாலியறுக்க எந்தத் தம்பியும் விடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. இத்தனை வருஷம் அலெக்ஸுக்கு ஜெனிஷ் பிடித்தான். இன்று ஜெனிஷுக்கு அலெக்ஸ் பிடிக்கிறான். தலைகீழாக்கினால் அந்த நம்பிக்கை நிற்குமா என்று எந்த மடப்பயலும் யோசிக்கவில்லை.

வயிற்றெரிச்சல் சும்மா இருக்குமா? பயல் விசிலடித்துக்கொண்டே மாடிப்படி ஏறுவான். பெண்டாட்டி ரெனிஷா வேறு, "என் தம்பிக்கு மாதா குடுத்த நெஞ்சுல்லா!" என்று அவன் தட்டில் மீனை அள்ளி வைப்பாள். கட்டின புருசன் சுவரைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு அலைவது அவள் கண்ணில் படாது. அந்த நெஞ்சு தனக்கு வேண்டும் என்று அலெக்ஸ் வெட்கமில்லாமல் ஆசைப்பட்டான்.

உச்சிவெயில். குழாய்க்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் படபடத்தது. டீசல் நாற்றமும், காய்ந்த பலகையின் உப்பு வாசமும், எங்கோ தூரத்துப் பாசி வாடையும் மூக்கை எட்டியும் நெஞ்சுக்குள் இறங்காமல் நின்றன.

ஒரே ஒருதரம். சும்மா.

குழாயைக் கையில் மடித்தான். ஆகா! காற்று தானாக உள்ளே போனது. நெஞ்சு அசைகிற உணர்வுகூட இல்லை.

குழாய் வெடுக்கென்று சுண்டியது. மேலே தூக்கு என்று அர்த்தம். விட்டுவிடத்தான் நினைத்தான், மாதா மேல் சத்தியமாக. இன்னும் ஒரு மூச்சு. இன்னும் ஒன்று.

சுண்டல் நின்றது.

"லே மாப்ள! லே!"

இழுத்து வள்ளத்துக்குள் உருட்டினான். ஜெனிஷின் கண் திறந்திருந்தது. மூக்கில் கை வைத்தால் காற்றே இல்லை. ஆனால் விலா மட்டும் ஏறி இறங்கியது, தோலைக் கிழித்துவிடுகிற மாதிரி. அலெக்ஸ் தன் மூச்சை அடக்கினான்.

விலா நின்றது.

விட்டான். புடைத்தது.

நீலம் பாரித்த உதடு அசைந்தது. "மூச்சைப் பைய விடுங்க அத்தான்... என்னால இழுக்க முடியல."

பைய விடத்தான் பார்த்தான். பயம் விடுமா? மூச்சு வேகம் பிடித்தது. இன்னும் வேகம். கொஞ்சமும் சிரமமில்லை.

பலகையில் கிடந்த உடம்புக்குள் ஒரு விலா முறிந்தது. அடுத்தது. அலெக்ஸின் நெஞ்சுக்குள் கடல்காற்று குளுகுளுவென்று போய்க்கொண்டே இருந்தது.