பன்னிரண்டாவது பீப்பாய்

பதினோரு பீப்பாய்களும் வாரத்துக்கு ஒரு கோப்பை ஒயின்தான் கேட்டன; பன்னிரண்டாவது மட்டும் ஒரு முழு ஜாடி கேட்டது.

ஒதிலுக்கு அது முதல் வாரமே பிடிக்கவில்லை. மரத்தின் வழியாக ஒயின் கொஞ்சம் ஆவியாவது வழக்கம்தான். குறைந்த இடத்தில் காற்று நின்றால் ஒயின் முழுக்கக் காடியாகிவிடும் என்று திங்கட்கிழமைதோறும் விளிம்புவரை ஊற்றுவார்கள். குறைந்ததைத் தேவதூதர்களின் பங்கு என்பார்கள் ஊரில். ஆனால் நிலவறையின் கடைசிச் சுவரோரம் கிடந்த அந்தப் பீப்பாயில் கசிவும் இல்லை, அடியில் ஈரமும் இல்லை.

"அதுல மட்டும் குடிகார தேவதூதன் உக்காந்திருக்கான்," என்றான் அவள் கணவன் கொராந்தன்.

நாற்பது வருடம் பாழாய்க் கிடந்த திராட்சைத் தோட்டம் அது. முள் வெட்டி, கொடி நட்டு, மூன்று வருடம் இருவரும் உயிரைக் கொடுத்து மீட்டிருந்தார்கள். இதுதான் முதல் அறுவடை.

தபால் கொண்டுவரும் ஜினெத்திடம் ஒதில் அந்தச் சுவரைப் பற்றிக் கேட்டாள்.

"போர்ல ஜெர்மன்காரன் வர்றதுக்கு முந்தி, அப்ப இருந்த முதலாளி நல்ல பாட்டிலையெல்லாம் பின்னாடி ஒளிச்சு வச்சு எழுப்பின சுவர்ம்மா அது. கொத்தன் ஃபிர்மேன் ஒரே ராத்திரியில கட்டினான். அப்புறம் அவனைக் காணோம். ஸ்பெயினுக்குப் போயிட்டான்னாங்க. பொண்டாட்டிக்கு ஒரு கடுதாசிகூட வரலை."

"போர் முடிஞ்சு பாட்டிலை எடுக்கலையா?"

"சுவரைத் தொடவே விடலை. சாகுற வரைக்கும் அந்தச் சுவரோரப் பீப்பாய்க்கு மட்டும் அவரே கைப்பட ஊத்துவார். ஏன்னு யாரும் கேக்கலை."

ஒதில் இதைச் சொன்னபோது கொராந்தன் சிரித்தான். அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் ஜாடியோடு நிலவறைக்குக் கிளம்பினான்.

"இன்னைக்கு அதுக்கு ஒரு சொட்டு கிடையாது. எங்கதான் போகுதுன்னு பாத்துடறேன்."

"ஊத்திடு, கொராந்தன். எனக்குப் பயமா இருக்கு."

"பீப்பாய்க்குப் பயந்தவ எதுக்கு ஒயின் பண்ண வந்தே?"

மழை தூறிக்கொண்டிருந்தது. மேலே வாளிகளைக் கழுவியபடி அவள் காது கொடுத்துக் கேட்டாள். விரல் முட்டியால் பீப்பாயைத் தட்டி ஒயின் எதுவரை நிற்கிறது என்று பார்ப்பது அவன் வழக்கம். மெதுவாக இரண்டு, வேகமாக ஒன்று. வெற்றிடம் கணகணக்கும், நிறைந்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஒவ்வொன்றாக எண்ணினாள். பதினொன்று. பன்னிரண்டு.

பிறகு சத்தமே இல்லை.

ஈரச் சுண்ணாம்பும் புளித்த திராட்சையும் மணக்கும் படிகளில் அவள் விழுந்தடித்து இறங்கினாள். விளக்கு எரிந்தது. ஜாடி தரையில் நிறைந்தபடியே இருந்தது. பக்கத்தில் அவன் தொப்பி. அங்கே வேறு கதவு இல்லை.

பன்னிரண்டாவது பீப்பாயைத் தட்டினாள். மந்தமான ஒலி. யாரும் ஊற்றாமலே நிறைந்திருந்தது.

சுவருக்குப் பின்னால் தட்டும் ஒலி கேட்டது. மெதுவாக இரண்டு. வேகமாக ஒன்று.

"கொராந்தன்."

சுண்ணாம்பில் ஒரு கீறல்கூட இல்லை. சிலந்தி வலை அறுபடாமல் இருந்தது. முழங்கால் உயரத்தில் சுவரைத் தட்டினாள். மந்தம். இடுப்பருகே தட்டினாள். கணகணத்தது.

மறுபடி இடுப்பருகே தட்டினாள்.

மந்தம்.

மூலையில் கிடந்த சுத்தியலை எடுத்துச் சுவரில் ஓங்கி அடித்தாள். கல் அசையவில்லை. பீப்பாயின் அடைப்பைப் பிடுங்கி ஜாடியைக் கவிழ்த்தாள். உள்ளே இடமே இல்லை. ஊற்றியதெல்லாம் வழிந்து அவள் காலடியில் ஓடியது.

"ஊத்திட்டேன். ஊத்திட்டேன், அவனை விடு."

சுவருக்குப் பின்னால் ஒயின் ஏறிக்கொண்டிருந்தது. நெஞ்சளவில் தட்டினாள். மந்தம். கழுத்தளவு. மந்தம்.

அவன் தட்டுவது அவள் தலைக்கு மேலே போயிருந்தது. கூரையோரம். மெதுவாக ஒன்று.

மெதுவாக இன்னொன்று.

வேகமான அந்த மூன்றாவது தட்டலுக்காகச் சுவரில் காதை வைத்து நின்றாள். வரவில்லை.

பிறகு வந்தது. கீழேயிருந்து, தரையோரத்தில், அவள் முழங்காலுக்கு நேர் எதிரே.