குதிரை வணிகன் கொடுத்த வாக்கு

பொதிகையில் பிறந்து, வழியெல்லாம் வயல்களுக்கு வாரி வழங்கிக் களைத்த பொருநை நதி, கடலைக் கண்டதும் நடை தளர்ந்து பொன்னிறமாய்ப் பரந்து கிடந்த அந்த அந்திப் பொழுதில், காயல் கோட்டையின் மேல்மாடத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். வாசகர்களே, அந்தச் சிரிப்பை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தனக்கு மணம் பேசிய காரி கண்டன் ஈழப் போருக்குக் கப்பலேறியது முதல், கோட்டைத் தலைவர் மகள் மதிவல்லி சிரிப்பதையே மறந்திருந்தாள்.

சிரிக்க வைத்தவன் அரபு நாட்டுக் குதிரை வணிகன் ஜுபைர். கண்டனின் உயிர்த் தோழன். ஈழத்திலிருந்து அன்றுதான் கரையிறங்கியிருந்தான்.

"தேவி! உங்கள் நாட்டில் வழி தெரியாதவனை நான் இன்னும் சந்திக்கவில்லை. கேட்டவுடன் கையை நீட்டிவிடுகிறார்கள். சென்ற முறை வந்தபோது மதுரைக்கு வழி கேட்டுக் கேட்டு மறுபடியும் இந்தக் கடற்கரைக்கே வந்து சேர்ந்தேன்!"

"போதும், வணிகரே!"

"சந்தையில் ஒருவன், 'விடுங்கள் என்னை, அவனை வெட்டிப்போடுகிறேன்' என்று குதித்தான். அவனை யாருமே பிடித்திருக்கவில்லை! பிடிக்க ஆள் வரும்வரை எதிரியும் பொறுமையாகக் காத்திருந்தான். இன்னொன்று! குதிரைக்கு நெய்ச்சோறு ஊட்டிவிட்டு, அது ஓடவில்லையென்று என்னிடம் வழக்குக்கு வருகிறீர்கள். நெய்ச்சோறு தின்றால் நானே ஓடமாட்டேனே!"

மதிவல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வந்தது முதல் அவளை வாய் திறக்க விடாமல் பேசுகிறான். இத்தனை வேடிக்கை பேசுகிறவன் கெட்ட செய்தியா கொண்டுவந்திருப்பான்?

"அவர் எப்படி இருக்கிறார்? உம்மோடு ஏன் வரவில்லை?"

"சொல்கிறேன், தேவி. முதலில் சாப்பிடுங்கள்."

அவளுடைய சிரிப்பு அப்படியே நின்றது. நல்ல செய்தியென்றால் வாசலிலிருந்தே கூவிக்கொண்டு வருவார்கள். சாப்பிடச் சொல்லிவிட்டுச் சொல்லும் செய்தி எதுவென்று இந்த நாட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியாதா?

"இதை எங்களிடம் எப்போது கற்றுக்கொண்டீர்?" என்றாள்.

ஜுபைர் தலைகுனிந்தான். "ஒருவர் கற்பித்தார், தேவி. 'கேட்டுவிட்டால் அவள் பல நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். நன்றாகச் சிரிக்க வை. வயிறார உண்ட பிறகு சொல்' என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்."

மதிவல்லிக்கு வீறிட்டு அழவேண்டும் போலிருந்தது. கண்டனுக்காகச் செய்வதற்கு இனி இது ஒன்றுதான் மிச்சம் என்ற எண்ணம் அவள் நெஞ்சைப் பிளந்தது. தோழியை அழைத்தாள்.

"இலை போடடி."

ஒவ்வொரு கவளமாக எடுத்து விழுங்கினாள். கண்ணீர் சோற்றில் விழுந்தது; அதையும் சேர்த்துப் பிசைந்து உண்டாள். ஜுபைர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். கடைசிப் பருக்கைவரை உண்டு, கை கழுவி, அவன் எதிரில் வந்து நிமிர்ந்து நின்றாள்.

"உமது சத்தியம் நிறைவேறியது, வணிகரே. இப்போது சொல்லும்."