உடையவரிடம் சேர்க்க

காலையில் சலவைக்கடையின் நீராவி மாடிப்படி ஏறி வீட்டுக்குள் வரும். ஜன்னல், கடிகாரம், மாமியாரின் முகம் எல்லாம் அதில் பாதி கரைந்து நிற்கும். மூத்த மருமகளுக்குக் கனவு முடிந்தும் முடியாதது போலிருக்கும் அந்த நேரம் பிடிக்கும். அன்று அந்த வெண்மூட்டத்துக்குள்ளிருந்து அலறல்தான் வந்தது.

"ஐயோ... அஞ்சும் காணோமே!"

மாமியார் பீரோவின் முன் நின்றிருந்தாள். கடையில் வேலை செய்யும் ஐந்து வெளிநாட்டு ஆட்களின் பாஸ்போர்ட்டுகளும் அங்கேதான் பூட்டியிருக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று பேர். ஓடிவிடக் கூடாது என்று பயம். போன வாரம் புதுச் சட்டம் வந்துவிட்டது. வேலையாள் இனி முதலாளியைக் கேட்காமலே வேறு இடம் மாறலாம். பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்திருந்தால் கடை உரிமமே போகும். வீட்டு ஆண்கள் நாளைக்குப் பார்க்கலாம் என்றே ஒரு வாரத்தை ஓட்டியிருந்தார்கள்.

"நான்தான் எடுத்தேன் அத்தை. நேத்து சாயங்காலம் அவங்கவங்ககிட்ட குடுத்துட்டேன்."

"யாரைக் கேட்டு அண்ணி?" கொழுந்தன் குதித்தான். "எதிர்க்கடைக்காரன் வாயைப் பொளந்துட்டு நிக்கிறான்... எல்லாரும் அங்க போயிடுவாங்க!"

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டியேடி!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

கணவன் தரையைப் பார்த்தான். பதினோரு வருஷமாக நெருக்கடி வந்தால் அவன் தரையைத்தான் பார்க்கிறான். தரை இதுவரை ஒரு பதிலும் சொன்னதில்லை. அன்று வாயைத் திறந்தான். "நீ இப்படிப் பண்ணலாமா?"

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"சலவைக்கு வர்ற சட்டைப்பையில என்ன கிடைச்சாலும் உறையில போட்டு, சீட்டு குத்தி, உடையவங்ககிட்ட சேர்க்கணும்... ஒரு ராத்திரிகூட நம்ம வீட்ல தங்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்ததே நீங்கதானே அத்தை! மோதிரத்துக்கு ஒரு நியாயம், இதுக்கு ஒரு நியாயமா?"

கீழே கடைமணி அடித்தது. தொழிலாளர் துறை அதிகாரிகள் இரண்டு பேர்!

எல்லோரும் இறங்கி ஓடினார்கள். கொடிகளில் வெள்ளை விரிப்புகள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன.

"வேலையாளுங்க பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு?"

மாமியார் தன்னை அறியாமல் மருமகளின் கையைப் பற்றினாள். நீராவிக்குள்ளிருந்து இஸ்திரி போடும் அக்கா முதலில் வந்தாள். ஏப்ரன் பையிலிருந்து, சீட்டு குத்திய உறையை எடுத்து நீட்டினாள். பின்னாலேயே இன்னும் மூன்று பேர்.

"அஞ்சாவது ஆள்?"

"சாயக்காரர் காலையிலயே எதிர்க்கடைக்குப் போயிட்டாருங்க," என்றாள் அக்கா. "அதுக்குத்தான் இப்ப உரிமை இருக்காமே! நாங்க போகலை. கேக்காமலே கையில குடுத்தாங்க... அந்த மனசுக்காக இருக்கோம்."

அதிகாரிகள் எழுதிக்கொண்டு போனார்கள். மாமியார் மருமகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "கடையைக் காப்பாத்தினவளையே திட்டித் தீத்துட்டேனே... பாவி நான்!"

"உனக்கு என்ன வேணும், கேளு," என்றான் கணவன். இப்போது அவளைத்தான் பார்த்தான்.

"பீரோவுல இன்னும் ஒண்ணு இருக்கே."

அவனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. கல்யாணமாகி இந்த நாட்டில் வந்திறங்கிய அன்று, அவள் கையிலிருந்து வாங்கிப் பூட்டி வைத்தது.

"எங்கயாவது போயிடுவியாம்மா?" என்று கேட்டாள் மாமியார்.

"போறவளா இருந்தா அந்த அஞ்சோட அதையும் எடுத்திருக்க மாட்டேனா? நீங்களா குடுக்கணும்னுதான் அத்தை விட்டு வெச்சேன்..."

மாமியார் படியேறிப் போனாள். வெகு நேரம் கழித்து இறங்கி வந்தாள். உறையின் மேல் குத்தியிருந்த சீட்டில், கோணல் எழுத்தில், 'உடையவரிடம் சேர்க்க' என்று இருந்தது. இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

மருமகள் வாங்கித் தன் ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள். உள்ளே இயந்திரம் நின்றதும், ஈரத்துணியை எடுக்கப் போனாள்.